இரண்டு தடவை எடுத்த அளவு

மூக்கு அரித்தது. இந்த நேரம் பார்த்துத்தானா அரிக்க வேண்டும், பாழாய்ப்போன மூக்கு. சொறிவதற்குக் கோகிலவாணியிடம் கை இல்லை. வலது கை துளசிமணிப் பெரியம்மாவின் மடியில், இடது கை எதிர்வீட்டு அம்மாவின் பிடியில், இரண்டிலும் முழங்கை வரைக்கும் சந்தனம், கன்னத்திலும் சந்தனம், காய்ந்த இடத்தில் தோலைப் பிடித்து இழுக்கிறது, காயாத இடத்தில் ஈரமாய் வழிகிறது. வளைகாப்பு என்றால் மகாராணி மாதிரி உட்கார வைப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், மகாராணிக்கு மூக்கு அரித்தால் யார் சொறிவது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. வாடகைக்கு எடுத்த சிவப்பு வெல்வெட் நாற்காலி, கோயமுத்தூர் வெயிலுக்கு வெல்வெட் கேட்கிறதா, முதுகெல்லாம் கசகசவென்று இருந்தது. கணபதியில் இருக்கிற இந்தச் சின்ன மண்டபத்தில் மின்விசிறி எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, ஆனால் காற்று முழுவதும் பந்திக்குப் போய்விடுகிறது, ஆண்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள், அவளுடைய சபரிநாதன் உட்பட, இந்நேரம் கேசரியை ருசி பார்க்கிறேன் என்று இரண்டாவது தொன்னையில் இருப்பான். “நேரா உக்காரு கண்ணு, சாயாத. ஆரத்தி சுத்தற வரைக்கும் எந்திரிக்கப்படாது, சொல்லிப்போட்டேன்” என்றாள் ரங்கநாயகி அத்தை, சபரியின் அம்மா, இன்றைக்கு இந்த மண்டபத்துக்கே கலெக்டர். எழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கேட்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள். வரிசையில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தாள், வாசல் வரைக்கும் தலைகளாகத் தெரிந்தது, பார்க்காமலே இருந்திருக்கலாம். சரி, அரிக்கட்டும். நினைக்காமல் இருந்தால் அரிக்காது. நினைக்காமல் இருக்கிறோம் என்று நினைத்தால் இன்னும் அரிக்கும். வேறு எதையாவது நினை.

அத்தை வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடுகிறாள், “என்ற மருமவ கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதறா.” மஞ்சள் சேலைக்காரம்மா ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “இந்த வயித்த வெச்சுக்கிட்டு வண்டியா ஓட்டறா?” என்கிறாள். “அட இல்லீங்க, ஆசுபத்திரியில நோயாளி தலைமாட்டுல டிவியாட்டம் ஒண்ணு ஓடுமில்ல, நாடித் துடிப்பக் காட்டிக்கிட்டு, அதுக்குள்ளாற ஒக்காந்து வேல பாக்கறது.” பரவாயில்லை, அத்தை கெட்டிக்காரி, ஒரு தடவை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதை நினைவு வைத்திருக்கிறாள். அன்றைக்குக் கோகிலா சொன்னது இவ்வளவுதான்: அந்த மெஷினுக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு, வீட்டு எஜமானி மாதிரி, எல்லாச் சாவியும் அதனிடம். மற்ற புரோகிராம்கள் எல்லாம் வெளியாட்கள். வெளியாட்களுக்கு எதையும் தானாகத் தொட உரிமை கிடையாது, ஒரு முகவரியை எழுதி நீட்டுவார்கள், ‘இந்த இடத்தில் சாமான் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள், இவ்வளவு நீளம்’ என்று. கெர்னலோடு சேர்ந்த டிரைவர் போய் எடுத்து வர வேண்டும். ஆனால் எந்த வெளியாளாவது குசும்புக்குத் தன் இடத்து முகவரிக்குப் பதிலாக எஜமானியின் அறை முகவரியையே எழுதிக் கொடுத்தான் என்று வை, ஒன்றும் கேட்காமல் போகிற டிரைவர் தன் வீட்டையே தான் வாரிக் கொட்டிவிட்டு வரும். மொத்த மெஷினும் படுத்துவிடும். அதனால் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், இது உன் காம்பவுண்டுக்குள் இருக்கிற முகவரிதானா, நீ சொல்கிற நீளம் நியாயமான நீளம்தானா என்று. அத்தை வெங்காயக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “அப்ப ஒருத்தனையும் நம்பப்படாது?” என்றாள். “ஒருத்தனையும் நம்பப்படாதுங்கத்த.” “நல்ல பொழப்பு போ” என்று சிரித்தாள். நல்ல பிழைப்புதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்பான் சபரி, பால் பாக்கெட்டை மோந்து பார்க்காமல் பிரிக்க மாட்டாள், கேஸை அணைத்தோமா என்று படியிறங்கித் திரும்புவாள். வயிற்றில் பாப்பா வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஊரில் இருக்கிற எல்லோரும் வாய்க்கு வந்ததை நீட்டுகிறார்கள். இளநீர் குடித்தால் சளி, குடிக்காவிட்டால் சூடு. இடது பக்கம் படு, வேண்டாம் வலது பக்கம் படு. கிரகணத்துக்கு வெளியே வராதே. அவள் எல்லாவற்றுக்கும் சிரித்து மண்டையை ஆட்டிவிட்டு, டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்றைக்கூட உள்ளே விட மாட்டாள். இந்தா, இப்பவும் ஒருத்தி வாயருகே ஒரு துண்டு ஏதோ நீட்டுகிறாள், என்னது இது, கற்கண்டா, கற்கண்டுதான், சரி, ஆ.

கற்கண்டு நாக்கில் கரைந்தது, நேற்றும் ஆபீஸில் இனிப்புதான், பிரிவுபசாரம் என்று சொல்லாமல் ஒரு கேக், மேலே க்ரீமில் ஒரு தொட்டில். அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போகிறாள், அப்புறம் பிரசவ விடுப்பு. மேனேஜர் மோகனசுந்தரம் சார் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார், “கோகிலா, உங்க கையெழுத்து உரிமைய விவேக் பேருக்கு மாத்தி வெச்சுடலாம்னு இருக்கேன். இந்த நேரத்துல உங்களுக்கும் ஞாபகம் அங்க இங்க போகும் பாருங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், எதற்குச் சிரித்தோம் என்று பேருந்தில் வரும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கையெழுத்து சும்மா வந்ததா? ஆஸ்பத்திரி மானிட்டருக்குள் போகிற டிரைவரில் ஒரு வரி மாற வேண்டும் என்றாலும் இவள் பார்த்து ‘சரி’ என்று அழுத்தினால்தான் போகும், அந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம், எத்தனை பேர் “பொண்ணுங்களுக்கு ஆப் எழுதறது சுலபமா இருக்குமே” என்று சொல்லக் கேட்டாயிற்று. அதை ஒரு துண்டுக் கேக்கோடு கேட்கிறார் மனுஷன். ‘யோசிச்சுச் சொல்றேன் சார்’ என்று வந்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது, தர மாட்டேன். தரவே மாட்டேன். “கைய இறுக்காத கண்ணு, வளையல் ஒடையும்” என்றாள் துளசிமணிப் பெரியம்மா. அட, கையை இறுக்கியா வைத்திருந்தோம்? விரல்களைத் தளர்த்தினாள். ஆத்திரத்துக்கு நடுவிலும் நேற்று ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள், இர்ஃபான் எழுதிய புது டிரைவரைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டாள். நல்ல பிள்ளை இர்ஃபான், இவளுக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவன், வரிகளைக் கோலம் போட்ட மாதிரி சுத்தமாக எழுதுவான். இன்றைக்கு மத்தியானம் அது ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. போகட்டும். போன வருஷம் மோகனசுந்தரத்தோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாளே, பழைய மாடல் மானிட்டர் அடிக்கடி நின்று போகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஐசியூவில் ஒருத்தருடைய மனைவி, மானிட்டரில் ஓடுகிற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூடி திறக்காமல். இவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. மெஷின்தான் நின்றது, மனுஷர் நன்றாகத்தான் இருந்தார், மூச்சு விட்டுக்கொண்டு, மெஷின் தானே மறுபடி எழுந்தும் விட்டது, கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எழுப்பிய சத்தம். அழுகை என்று சொல்ல முடியாது அதை. பாத்திரம் விழுந்து சோறெல்லாம் தரையில். அன்றைக்கு ராத்திரி கோகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. சீச்சீ, நல்ல நாளும் அதுவுமாக என்ன நினைப்பு, வளையலைப் பார், என்ன அழகு, பச்சையும் சிவப்பும்.

துளசிமணிப் பெரியம்மாவுக்கு வளையல் போடுவதில் தனிக் கர்வம் உண்டு, சோப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கையைப் பூப்போலப் பிடித்து ஏற்றிவிடுவேன் என்பாள். தட்டிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்துக் கோகிலாவின் கைமுட்டியில் வைத்துப் பார்த்தாள், “சரியான அளவு, கையக் கண்டு செஞ்ச மாதிரி” என்றாள், திரும்பத் தட்டிலேயே வைத்தாள். அந்த நேரம் பார்த்து மஞ்சள் சேலைக்காரம்மா அவள் காதில் என்னவோ ஊர்வம்பு ஊத, பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு, “நெசமாவா! எப்போ?” என்று திரும்பிவிட்டாள். அதற்குள் வளர்மதி, சபரியின் அக்கா, இவளுக்கு நங்கையா, சுறுசுறுப்பு தாங்காதவள், தட்டு அலங்கோலமாக இருக்கிறதென்று அதைத் தூக்கிப்போய் வேறு வளையல்களை அடுக்கி அதே இடத்தில் வைத்தாள். பெரியம்மா வம்பைக் கேட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பாராமலேயே கையை நீட்டி, தட்டிலிருந்து பச்சை வளையலை எடுத்து, பார்த்த அளவுதானே என்று ஒரே அழுத்து. முட்டியில் போய்ச் சிக்கியது. “அம்மா!” என்றாள் கோகிலா. “இதென்ன கூத்து, இப்பத்தான பாத்தேன், சரியா இருந்துச்சே!” “பெரீம்மா, நீங்க பாத்தது வேற, எடுத்தது வேற. நாந்தான் தட்ட மாத்தி வெச்சேன்” என்று வளர்மதி சிரித்தாள், பெரியம்மா சிரித்தாள், மண்டபமே சிரித்தது, கோகிலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு பாதியில் நின்றது. பார்த்தது வேறு, எடுத்தது வேறு. இர்ஃபானின் டிரைவர் நீளத்தை எங்கிருந்து எடுக்கிறது?

திரையில் கோடு காட்டுகிற புரோகிராம், அதுதான் இங்கே வெளியாள், ஒரு பொட்டலம் கொடுக்கும், பொட்டலத்தின் நெற்றியில் நீளம் எழுதியிருக்கும். டிரைவர் முதலில் நெற்றியை மட்டும் எடுத்து நீளத்தைச் சோதிக்கிறது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, முகவரியைச் சோதிக்கிற வரியும் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் ‘நல்லா எழுதியிருக்கான்’ என்று நினைத்தாள். அப்புறம் முழுப் பொட்டலத்தையும் எடுக்கிறது, நெற்றியோடு சேர்த்து, மறுபடியும் வெளியிலிருந்து. அப்படியென்றால் இப்போது உள்ளே இரண்டு நெற்றி. ஒன்று சோதித்தது, ஒன்று சோதிக்காதது. நடுவில் அந்த வெளியாளின் இன்னொரு கை நீளத்தை அழித்துப் பெரிதாக மாற்றி எழுதியிருந்தால்? டிரைவர் எல்லை தாண்டிக் கை வைக்கும், மெஷின் படுத்துவிடும். அதற்கப்புறம் வருகிற வரியில் நீளம் எந்த நெற்றியிலிருந்து? முதல் நெற்றி என்றால் எழுத்தில் ஒரு புள்ளி இருக்கும், இரண்டாவது என்றால் ஒரு அம்புக்குறி இருக்கும். புள்ளியா, அம்பா? கண்ணை மூடினாள். திரை வந்தது, நீலமும் பச்சையுமாக வரிகள் வந்தன, அந்த வரி மட்டும் வரவில்லை. “தல சுத்துதா கண்ணு?” “ஒண்ணுமில்லீங்க பெரீம்மா.” புள்ளியா, அம்பா? அந்த வரி திரையின் அடியில் இருந்தது, கொஞ்சம் கீழே தள்ளினால்தான் தெரியும். தள்ளினாளா? அப்போதுதான் பாப்பா உதைத்தது, விலாவுக்கு அடியில், ஒரு ஃபுட்பால் உதை, அவள் நாற்காலியில் சாய்ந்து வயிற்றைத் தடவி, “என்னடி, என்னடா” என்று கொஞ்சிவிட்டுத் திரும்பி வந்து, பார்த்தாயிற்று என்று நினைத்து, அழுத்தினாள். பார்த்தாயிற்றா? பார்த்திருப்போம். பார்க்காமலா அழுத்துவோம்? இர்ஃபான் அப்படியெல்லாம் எழுத மாட்டான். எழுத மாட்டான் என்பது எப்படித் தெரியும்? புள்ளியா அம்பா, புள்ளியா அம்பா, இதென்ன தாயக்கட்டையா மாறி மாறி விழ. அப்படியே அம்பாக இருந்தாலும் என்ன, அந்த இடைவெளி கண்சிமிட்டும் நேரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அந்த இடுக்கில் வந்து யார் மாற்றப் போகிறார்கள்? ஒருத்தரும் மாற்றாமலே இருக்கலாம், வருஷக் கணக்கில் ஓடலாம். ஒரு நாள், எங்கோ ஒரு படுக்கைக்குப் பக்கத்தில், மடியில் மூடிய பாத்திரத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது. ஐயோ. சொல்லிவிடலாம். சொன்னால் மோகனசுந்தரம் என்ன சொல்வார், ‘நான்தான் சொன்னேனே, ஞாபகம் அங்க இங்க போகும்னு.’ கையெழுத்து இன்றைக்கே போய்விடும், விவேக் பேருக்கு, சுபம். அப்புறம் குழந்தையோடு திரும்பிப் போனால் ‘நீங்க ஈசியா ஏதாவது பாருங்க’ என்று ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள், அந்த மூலை எது என்று கூட அவளுக்குத் தெரியும், பிரிண்டருக்குப் பக்கத்தில். தானே தன் வாயால் போய்ச் சொல்ல வேண்டுமா? லீவில் இருக்கிறோம். வளைகாப்பில் இருக்கிறோம். கையில் கூடச் சந்தனம். யார் கேட்பார்கள்? யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் தொந்தரவு, கேட்கிற வேலையே இவளுடையது. மூக்கு அரிப்பது எப்போதோ நின்று போயிருந்தது. மணி என்ன? சுவர்க் கடிகாரத்தை வாழைக்கன்று மறைத்துக்கொண்டு நின்றது.

“நங்கையா, என்ற போனக் கொஞ்சம் எடுங்க.” “இப்ப எதுக்குடி போனு? போட்டோவெல்லாம் சபரி எடுக்கறான்.” “ஆபீசுக்குங்க, இர்ஃபானுக்கு. அவசரம்.” அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, வளர்மதி மறுபேச்சில்லாமல் போனை எடுத்து, பூட்டுத் திரையிலேயே நின்ற இர்ஃபானின் நேற்றைய தவறிய அழைப்பில் கையை வைத்து அவனைப் பிடித்துக் காதில் வைத்துவிட்டாள், ரொம்ப சமர்த்து. காதில் வைக்கும்போது எங்கே பட்டதோ, பேச்சு ஒலிபெருக்கியில் வந்தது. “கோகிலா? நீங்க வளைகாப்புல இல்ல?” என்றான் இர்ஃபான், மண்டபம் முழுக்கக் கேட்டது, கோகிலாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. “இர்ஃபான், நம்ம டிரைவரத் தொறங்க. பொட்டலத்த முழுசா எடுத்ததுக்கப்புறம் நீளத்த எதுல இருந்து படிக்குது? புள்ளியா, அம்பா?” தட்டச்சுச் சத்தம். எதிர்வீட்டு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அசையாமல் நின்றாள். “யா அல்லா” என்றான் இர்ஃபான். “அம்புதான்.” பார்க்காமல்தான் அழுத்தியிருக்கிறாள். ஆனால் கூடவே ஒரு வேடிக்கை, இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றதில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. “வெளியாளுகிட்ட ரெண்டாந் தடவ கேக்கறோம் இர்ஃபான். மொத தடவ சோதிச்சது ஒண்ணு, ரெண்டாந் தடவ நம்பறது ஒண்ணு. ஒரே தடவ வாங்கணும், உள்ள வெச்சு சோதிக்கணும், அப்புறம் வெளிய எட்டியே பாக்கப்படாது.” “அப்பிடிப் போடு!” என்றாள் கூட்டத்தில் யாரோ, இது ஏதோ சம்பந்தி வீட்டு விவகாரம் என்று நினைத்துக்கொண்டு. இர்ஃபான் குரலைத் தாழ்த்தினான், தாழ்த்தி என்ன புண்ணியம். “கோகிலா, எழுதினது நான்தான். நானே கண்டுபிடிச்சதாச் சொல்லிடறேன். உங்க பேரு எதுக்கு நடுவுல? சாரு கையெழுத்து விஷயத்துல எப்படா சாக்குன்னு இருக்காரு. நீங்க நிம்மதியா விசேஷத்தப் பாருங்க.” நல்ல பிள்ளை, சொக்கத் தங்கம். சரி என்று சொல்லிவிட ஒரு நொடி நாக்கு எழுந்தது. சொன்னால் நாளைக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நேற்று இவள் பார்த்தது சரியாகவே இருந்ததாகக் கணக்காகிவிடும். பார்க்காததற்குப் போட்ட கையெழுத்தைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது, சட்டம் போட்டு மாட்டுவதா? “வேண்டாம் இர்ஃபான். ஒப்புதல் குடுத்தது நான். நானே திருப்பி வாங்கறேன். நீங்க திருத்தி வைங்க” என்றாள்.

திருப்பி வாங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை, போனில் ஆபீஸ் ஆப்பைத் திறந்து ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆப் அவளுடைய கட்டைவிரலைக் கேட்கும். வளர்மதி போனைப் பிடிக்க, கோகிலா விரலை வைத்தாள். ‘அடையாளம் தெரியவில்லை’ என்றது போன். ரேகை முழுக்கச் சந்தனம். முந்தானையில் துடைத்து வைத்தாள், தெரியவில்லை. பன்னீர் தெளித்துத் துடைத்தார்கள், வாசனையாக இருந்தது, ஆனால் தெரியவில்லை. “பாஸ்வேர்டு ஒண்ணு இருக்குமில்ல, சொல்லு, நான் அமுக்கறேன்” என்றாள் வளர்மதி. ஊரைக் கூட்டிவைத்துப் பாஸ்வேர்டைச் சொல்வதா? செத்தாலும் மாட்டாள். சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உண்டு. கோகிலா நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி, வயிற்றை முன்னால் தள்ளி, எழுந்தாள். மண்டபத்தில் ஒரே கூச்சல். “அய்யோ எந்திரிச்சுட்டா!” “ஆரத்தி சுத்தலியே இன்னும்!” “உக்காரு அம்மிணி, உக்காரு!” ரங்கநாயகி அத்தை ஓடி வந்து வழி மறித்தாள். “என்ன கண்ணு இது? நான் என்ன சொன்னேன்?” கோகிலா நின்றாள். என்ன சொல்வது? கெர்னல், நெற்றி, அம்பு? “அத்த, ஆசுபத்திரியில ஓடற அந்த டிவி நின்னு போற மாதிரி ஒரு தப்பு. நான் பாக்காம வுட்டுட்டேன். இப்ப கை கழுவுனாத்தான் தடுக்க முடியும்.” அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தாள். சந்தேகமாகத்தான் பார்த்தாள், சரியாகத் திட்டலாமா என்று கூட யோசித்திருப்பாள். பிறகு தள்ளி நின்று, “ஓடாத. மெல்ல நட. வழுக்கும்” என்றாள். வளர்மதியிடம் போனை வாங்கிக்கொண்டு மெல்லத்தான் நடந்தாள், கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் சலசலக்க, ஆண்கள் எல்லோரும் இலையிலிருந்து தலை தூக்கிப் பார்க்க, சபரி கேசரித் தொன்னையோடு எழுந்து நின்று, “என்னாச்சு, வலியா? ஆட்டோ கூப்பிடவா?” என்று பதற, “அட நீங்க சாப்பிடுங்க” என்று அவனைக் கடந்து கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் கட்டைவிரலைச் சோப்புப் போட்டுப் பரபரவென்று தேய்த்தாள். போன் அவளை ஒத்துக்கொண்டது. பொத்தான். காரணம் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. ‘நீளத்தை இரண்டு தடவை வெளியிலிருந்து எடுக்கிறது. நேற்று நான் கடைசி வரை படிக்கவில்லை. தவறு என்னுடையது’ என்று ஈர விரலால் எழுதினாள், ‘தவறு’ என்பதை மட்டும் போன் இரண்டு தடவை திருத்தப் பார்த்தது, விடவில்லை. அனுப்பினாள். மத்தியான வெளியீடு நிறுத்தப்பட்டது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. அந்தச் சிவப்பு அவளுக்குக் குங்குமம் மாதிரி மங்களகரமாகத் தெரிந்தது.

போன் அடித்தது. மோகனசுந்தரம் சார். எடுத்தாள். “கோகிலா, விசேஷத்துல தொந்தரவு பண்றேன். எப்பிடிங்க விட்டீங்க நேத்து?” குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். சாக்குச் சொல்லலாம், இரண்டு மூன்று கைவசம் இருந்தன, எல்லாம் நல்ல சாக்குகள். “நடுவுல பாப்பா உதைச்சுது சார். திரும்பி வந்து, பாத்துட்டதா நெனச்சு அமுக்கிட்டேன்.” அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. இந்தப் பக்கம் குழாய் சொட்டியது. “நான் நேத்து விளையாட்டாச் சொன்னேன். இப்ப நெசமாவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே உங்க கையெழுத்த நான் எப்பிடி நம்பறது?” இதுதான், காலையிலிருந்து, இல்லை, நேற்றுப் பேருந்திலிருந்து அவள் சுற்றிச் சுற்றிப் பயந்துகொண்டிருந்த கேள்வி. வந்தே விட்டது. வந்த பிறகு பார்த்தால் பழக்கப்பட்ட கேள்வியாக இருந்தது, தினமும் அவளே எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நம்பாதீங்க சார்” என்றாள். “என்னது?” “நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க, விவேக்கையும் நம்பாதீங்க. யாரு கொண்டு வந்தாலும் சோதிங்க, ஒவ்வொரு தடவையும் சோதிங்க. அதான சார் நம்ம தொழிலே. என்னைய நம்பிக்கிட்டு நீங்க பாக்காம இருந்ததாலதான் இது மத்தியானம் வரைக்கும் வந்துருக்கு. தப்பு செஞ்சது நானு, கண்டுபிடிச்சதும் நானு, ரெண்டையும் எழுதிட்டேன். இதுக்கு மேல கையெழுத்த யாருக்குத் தரணும்ங்கறத நீங்க பாத்துக்குங்க.” சொல்லிவிட்டு அவளே அசந்துபோய் நின்றாள், இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது? சாம்பார் வாளியோடு வந்தவர் வாளியோடு நின்றார். மோகனசுந்தரம் தொண்டையைச் செருமினார். “இர்ஃபான் திருத்தி அனுப்பிட்டாரு. எம் மேசைல வந்து நிக்குது. விவேக்குக்கு அனுப்பவான்னு கேக்கறாரு.” கோகிலா குழாயை இறுக்கி மூடினாள். “வேண்டாம்னுட்டேன்” என்றார் அவர். “நீங்க மொதல்ல பாருங்க. நீங்க பாத்ததுக்கப்புறம் நான் பாக்கறேன், நெசமாவே ஒக்காந்து பாக்கறேன். சாப்பிட்டுட்டு மெதுவா...” “இப்பவே பாக்கறேன் சார்” என்றாள் கோகிலா. திரும்பினால் மண்டபமே பின்னால் வந்து நின்றது, ஆரத்தித் தட்டோடு அத்தை, வளையல் தட்டோடு வளர்மதி, பசியோடு மற்ற எல்லோரும். “முடிஞ்சுதா கண்ணு? வா, எலை போட்டாச்சு” என்றாள் துளசிமணிப் பெரியம்மா. “இல்லீங்க பெரீம்மா, இன்னும் படிக்கோணும்.” “அதான் தப்பச் சொல்லிட்டயே, அப்பறம் என்ன படிப்பு?” என்றாள் பெரியம்மா. ரங்கநாயகி அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு மருமகளை உட்கார வைத்தாள், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, “ஒருத்தரும் பேசப்படாது, கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் வருவா” என்றாள். கோகிலா போன் திரையில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.